பழைய தேக்குக்கு ஒரு புது வேலை

தங்கை மகள் மதுரையில் வீடு கட்டுகிறாள். பூச்சு வேலை முடிந்து, மேசை நாற்காலி பற்றி யோசிக்கும் கட்டத்துக்கு வந்துவிட்டாள். மர வாடியில் புதுத் தேக்கு பார்த்தாயிற்று. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் இடித்த வீட்டு மரமும் பார்த்தாயிற்று. எதை வாங்குவது என்று தீர்மானம் வராமல் போன ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்தாள்.

“பெரியம்மா, பழைய மரம்னா நல்லாக் காய்ஞ்சிருக்கும், வளையாது, புதுசை விட உறுதின்னு எல்லாரும் சொல்றாங்க. அப்ப யோசிக்காம அதையே வாங்கிடலாமா?”

டீ போட்டு வைத்துக்கொண்டு அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். எனக்குப் பழைய மரத்தின் மேல் பெரிய பிரியம் உண்டு. அந்தப் பிரியத்தினாலேயே, அதைப் பற்றி அரைகுறையாகப் பேசப்படுவதைப் பிரித்துச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

‘காய்ந்திருக்கும், வளையாது’ என்பதில் பாதி உண்மை. வெட்டிய பச்சை மரத்தில் நீர் இரண்டு இடத்தில் இருக்கிறது. நுண்ணிய குழல்களுக்குள் நிற்கும் நீர் ஒன்று. அந்தக் குழல்களின் சுவரில் ஊறிக் கிடக்கும் நீர் இன்னொன்று. குழலுக்குள் நிற்பது முதலில் வெளியேறும். அப்போது எடை குறையுமே தவிர அளவு மாறாது. ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, சுவரில் ஊறிய நீர் கிளம்பும்போதுதான் மரம் சுருங்கும், முறுக்கிக்கொள்ளும், வாய் பிளக்கும். நூறு வருடம் கூரையைத் தாங்கிய உத்திரம் இந்தப் பாடெல்லாம் எப்போதோ பட்டு முடித்துவிட்டது. வெடிக்க வேண்டிய இடத்தில் வெடித்து, வளைய வேண்டிய அளவு வளைந்து நிற்கிறது. வாங்குகிறவர் அதைக் கண்ணால் பார்த்து எடுக்கலாம். அரைகுறையாகக் காய்ந்த புதுப் பலகையில் அந்த வசதி இல்லை. அதன் குணம் அடுத்த கோடையில், மேசையாக வீட்டுக்குள் வந்த பிறகுதான் தெரியும்.

மீதிப் பாதியைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. எத்தனை வயதானாலும் மரம் காற்றின் ஈரத்தை வாங்கும், வெயில் காலத்தில் திருப்பிக் கொடுக்கும். தேக்கு இந்த விஷயத்தில் மிகவும் அடக்கமான மரம்தான். இருந்தாலும் 36 அங்குல அகலத் தேக்கு மேசைப் பலகை சித்திரைக்கும் ஐப்பசிக்கும் இடையில் இரண்டு நூல், அதாவது கால் அங்குலம் வரை விரிந்து சுருங்கக்கூடும். நீளவாக்கில் மாற்றம் இல்லை என்றே சொல்லலாம், எல்லாம் அகலவாக்கில்தான். பழைய கதவுகளைச் சட்டமும் நடுப் பலகையுமாகச் செய்ததற்குக் காரணம் இதுதான். நடுப் பலகையைச் சட்டத்தின் காடிக்குள் சும்மா செருகி விட்டிருப்பார்கள், ஒட்ட மாட்டார்கள், ஆணி அடிக்க மாட்டார்கள். அது உள்ளே விரியட்டும், சுருங்கட்டும், சட்டம் அசையாது. பழைய மரம்தானே என்று மேசைப் பலகையைச் சட்டத்தோடு திருகாணி போட்டு இறுக்கிவிட்டால், அந்தக் கால் அங்குலத்துக்குப் போக்கிடம் இல்லாமல் பலகை நடுவில் பிளக்கும்.

இன்னொன்றும் உண்டு. எட்டு அங்குலம் தடித்த பழைய விட்டத்தை மில்லில் கொடுத்து ஒன்றேகால் அங்குலப் பலகைகளாக அறுத்தால், இத்தனை நாள் உள்ளே இருந்த பகுதி முதல் தடவையாகக் காற்றைப் பார்க்கிறது. சில பலகைகள் அறுத்த மறுநாளே லேசாக வில் போடும். ஆகவே அறுத்து வந்ததும் வேலையைத் தொடங்கக் கூடாது. இடையிடையே சக்கை கொடுத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்றி, மேசை எந்த வீட்டில் இருக்கப் போகிறதோ அந்த வீட்டுக்குள்ளேயே சில வாரம் போட்டு வைக்க வேண்டும். அவசரப்படுகிற தச்சரிடம் இதைச் சொல்லும் தைரியம் வீட்டுக்காரருக்கு வேண்டும்.

அடுத்தது, ‘புதுசை விட உறுதி’. இங்கேதான் பெரிய குழப்பம். மரத்துக்கு இரண்டு வயது. வெட்டுகிறவரை காட்டில் நின்ற வயது ஒன்று, வெட்டிய பிறகு வீட்டில் இருந்த வயது ஒன்று. மரத்தின் தரத்தைத் தீர்மானிப்பது முதல் வயதுதான். இரண்டாம் வயது அதை உலர்த்துகிறது, நிறத்தை ஆழமாக்குகிறது, உறுதியைக் கூட்டுவதில்லை.

தேக்கின் நடுப்பகுதி வைரம். அதில்தான் எண்ணெய்ப் பசையும், கறையானை விரட்டும் பொருள்களும் படிந்திருக்கின்றன. பட்டையை ஒட்டி வெளிறிய நிறத்தில் இருப்பதை ஆசாரிமார் ‘வெள்ளை’ என்பார்கள். அது தேக்கிலேயே இருந்தாலும் பூச்சிக்கு நல்ல தீனி. இள மரத்தில் வெள்ளை அதிகம், வைரம் கொஞ்சம். வயதாக வயதாக வைரம் பெருத்து, வெள்ளை மெல்லிய வளையமாக ஒதுங்கிவிடும். இன்று சந்தைக்கு வரும் தோட்டத் தேக்கில் பெரும்பகுதி இருபது, இருபத்தைந்து வருடத்தில் வெட்டியது. அதையும் பழைய காட்டுத் தேக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

அதற்காகத் தோட்டத் தேக்கு என்றாலே மட்டம் என்று தள்ளிவிட வேண்டாம். கேரளத்து நிலம்பூரில் 1840களில் மலபார் கலெக்டர் கொனோலியின் முயற்சியில், சாத்து மேனன் என்பவரின் மேற்பார்வையில் தேக்குத் தோட்டம் போட்டார்கள். கப்பல் கட்ட மரத்துக்குத் தட்டுப்பாடு வந்த காலம் அது. அங்கே ஐம்பது, அறுபது வருடம் நிற்க விட்டு வெட்டும் மரம் எந்தப் பழைய மரத்துக்கும் குறைந்ததில்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வெட்டும்போது இந்த மரத்துக்கு என்ன வயது? கடைக்காரர் சொல்லாவிட்டாலும் வெட்டுமுகத்தைப் பார்த்தால் மரம் சொல்லிவிடும். ஓரத்தில் வெள்ளை எவ்வளவு என்று பார்த்தால் போதும்.

செட்டிநாட்டு வீடுகளில் கிடைக்கும் மரம் இத்தனை உயர்ந்ததாக இருப்பதும் இதனால்தான். 1852இல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்த பிறகு, ஐராவதி டெல்டாவில் நெல் சாகுபடி பெருகியது. அதற்குக் கடன் கொடுக்க நகரத்தார் கப்பலேறினார்கள். ரங்கூனும் மௌல்மீனும் அவர்களுக்கு அடுத்த வீடு ஆயின. பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் 1863இல் தொடங்கி, அங்குள்ள காடுகளில் தேக்கு வெட்டியது. அந்தக் கம்பெனிக்கும் பர்மிய மன்னர் தீபோவுக்கும் இடையே தேக்கு விஷயத்தில் எழுந்த தகராறே 1885 ஆங்கிலேய-பர்மியப் போருக்குச் சாக்காக அமைந்தது. யாரும் நடாமல் தானாக முளைத்து, நெடுங்காலம் நின்ற அந்தக் காட்டு மரங்கள்தான் கப்பலில் வந்து காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் தூணாக நின்றன. 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்ததோடு அந்தப் போக்குவரத்து அறுந்தது. மியான்மர் அரசு 2014 ஏப்ரல் முதல் உருட்டு மரமாகத் தேக்கை ஏற்றுமதி செய்வதையும் நிறுத்திவிட்டது.

அதாவது அந்தத் தரத்து மரம் இனி பெரும்பாலும் ஏற்கெனவே வீடுகளுக்குள் நிற்கிற மரம்தான். ஒரு வீட்டுக்கு இருபது பங்காளி, பராமரிக்க ஆளில்லை, செலவுக்குப் பணமில்லை, பிரித்து விற்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வாங்குகிற நாம் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளலாம். கதவாக நிற்கக்கூடிய கதவைக் கதவாகவே வாங்க வேண்டும். நிலையோடு சேர்ந்த முழுக் கதவை உடைத்து, சித்திரப் பலகையை மட்டும் பெயர்த்தெடுத்து, சுவரில் மாட்டும் கண்ணாடிக்குச் சட்டமாக்கி விற்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அந்தக் கதவுக்கு இன்னும் நூறு வருட ஆயுள் மிச்சமிருந்தது. பொருளாக நிற்க முடியாததைத்தான் மரமாகக் கருத வேண்டும். பழைய மரத்தில் செய்தது என்று பெருமை பேசும் பல சாமான்கள், நன்றாக இருந்த இன்னொரு சாமானைக் கொன்று செய்தவை.

சரி, மரமாகவே வாங்குவதாக வைத்துக்கொள்வோம். அந்தக் கட்டை முன்பு என்ன வேலை பார்த்தது என்று முதலில் கேட்டு அறிய வேண்டும். விட்டம், உத்திரம், கைமரம், நிலை, கதவுப் பலகை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சரித்திரம், ஒவ்வொன்றிலும் ஒரு பலவீனம். நிலைச் சட்டத்தின் அடிப்பகுதி பல வருடம் வாசல் கழுவிய தண்ணீரைக் குடித்திருக்கும். அந்த அரை அடியை வெட்டி எறியத்தான் வேண்டும். கைமரத்தில் வரிச்சு அடித்த ஆணித் துளை வரிசையாக இருக்கும். விட்டத்தின் இரண்டு முனையும் சுவருக்குள் புதைந்திருந்தவை. கறையான் அங்கேதான் முதலில் வரும்.

கணக்கையும் அவளுக்குப் போட்டுக் காட்டினேன். மரத்தைக் கன அடியில் விற்பார்கள். நீளத்தை அடியிலும், அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் எடுத்துப் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி. ஏழடி நீளம், ஐந்து அங்குல அகலம், மூன்று அங்குலக் கனமுள்ள ஒரு நிலைச் சட்டம் 0.73 கன அடி. இரண்டு முனையிலும் அரை அரை அடி கழித்து, நான்கு முகத்திலும் கால் அங்குலம் இழைத்து எடுத்தால் மிஞ்சுவது ஆறடி, நாலரை, இரண்டரை. அது 0.47 கன அடி. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. இதோடு ஆணி பிடுங்கும் கூலி, சுத்தம் செய்யும் கூலி. பழைய மரம் மலிவு என்று நினைத்து இறங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் திகைத்து நிற்கிறார்கள். மலிவுக்காகப் பழைய மரத்திடம் போக வேண்டாம்.

வாங்கப் போகும்போது கையில் ஒரு காந்தம், சின்னச் சுத்தியல், ஒரு பேனாக்கத்தி போதும். காந்தத்தைக் கட்டையின் மேல் நெடுக நகர்த்தினால் தலை முறிந்து உள்ளே நிற்கும் இரும்பாணி இழுக்கும். இதைச் செய்யாமல் மில்லுக்கு அனுப்பினால் வாள் பல் போகும், சில மில்களில் பழைய மரம் என்றாலே கை வைக்க மாட்டார்கள். சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் கணீரென்று பேசும். உளுத்தது பொத்தென்று கேட்கும். சின்னத் துளைகள் தெரிந்தால் பயந்துவிட வேண்டாம். கட்டையைத் திருப்பித் தரையில் இரண்டு தட்டு தட்டிப் பாருங்கள். துளையிலிருந்து மாவு போல வெளிர் நிறத் தூள் புதிதாக உதிர்ந்தால் உள்ளே வண்டின் புழு இன்னும் வேலை செய்கிறது. தூளே இல்லாமல், துளையின் ஓரம் கருத்திருந்தால் அது முடிந்த கதை. கத்தியால் மறைவான இடத்தில் மெல்லச் சீவி மூக்கருகே கொண்டுபோனால், நூறு வருடத் தேக்கும் பதப்படுத்திய தோலை நினைவூட்டும் ஒரு வாடையைக் கொடுக்கும். விரலில் மெழுகுப் பசை தட்டும். சாயம் ஏற்றிய வேறு மரத்தில் சீவிய இடம் வேறு நிறமாக இருக்கும், அந்த வாடையும் இருக்காது.

மூன்று எச்சரிக்கைகளை மட்டும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய எனாமல் பெயிண்ட் அடித்த கதவுகளில் ஈயம் இருக்கலாம். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பெயிண்டை உப்புத்தாளால் காய்ந்தபடி தேய்த்தால் தூள் வீடெல்லாம் பரவும். குழந்தைகளுக்கு அது விஷம். நனைத்துத் தேய்க்க வேண்டும், வீட்டுக்கு வெளியே வைத்து, முகமூடி போட்டுக்கொண்டு. ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகளில் பலவற்றுக்கு நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த கிரியோசோட் ஏற்றியிருப்பார்கள். அவற்றை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். சரக்குப் பெட்டிகளோடு வரும் பேலட் கட்டையில் அலமாரி செய்ய ஆசைப்பட்டால் அதன் முத்திரையைப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஹெச், டி என்ற எழுத்துகள் இருந்தால் நடுமரம் வரை 56 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வைத்தது, அது பரவாயில்லை. எம், பி என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, வேண்டாம்.

“எல்லாம் சரி பெரியம்மா, என்ன டிசைன்ல செய்யறது?” என்றாள். கைப்பேசியில் நிறையப் படங்கள் வைத்திருந்தாள். சிங்க முகக் கைப்பிடி நாற்காலி ஒன்று, ஓரம் சீவாத முழுப் பலகை மேசை ஒன்று, பிரம்பு பின்னிய மெலிந்த நாற்காலி ஒன்று. இது அவளுக்கு முக்கியமான கேள்வி, எனக்கும் மிகவும் பிடித்த கேள்வி. என்ன பாணி என்பதைக் கிடைத்த மரம்தான் சொல்ல வேண்டும்.

நம் பழைய வீடுகளில் நாற்காலிக்கு இடமே கிடையாது. தரையில் உட்கார்ந்து வாழ்ந்த வீட்டுக்குத் தேவைப்பட்டவை மனைப் பலகை, கணக்குப் பெட்டி, பெட்டகம், ஊஞ்சல், நெல் கொட்டப் பத்தாயம். இவற்றின் அழகு பெரும்பாலும் அகன்ற, தடித்த பலகையில் இருக்கிறது. ஊஞ்சல் பலகை ஒரே மரத்தில் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பார்கள். உயர்ந்த நாற்காலியும் சாப்பாட்டு மேசையும் ஐரோப்பியர் வழியாக வந்தவை. அவர்கள் கொண்டுவந்த வடிவத்தை நம் ஆசாரிமார் நம் மரத்தில், நம் வெயிலுக்கு ஏற்பச் செய்து மாற்றினார்கள். மெத்தைக்குப் பதில் பிரம்புப் பின்னல் வைத்து முதுகுக்குக் காற்று வரச் செய்தார்கள். தேயிலைத் தோட்டத்துத் துரைமார் காலைத் தூக்கிப் போட்டுக்கொள்ளும்படி நீண்ட கைகள் வைத்த சாய்வு நாற்காலி இலங்கையிலும் மலபாரிலும் அப்படித்தான் நிலைத்தது.

இவளுக்கும் சாய்வு நாற்காலி ஆசை இருந்தது. அதன் பின்கால் நன்றாக வளைந்து போகும். அங்கேதான் பழைய மரத்தோடு மோதல் வருகிறது. மரத்தின் ரேகை ஒரு திசையில் ஓடுகிறது. நேரான நிலைச் சட்டத்திலிருந்து வளைந்த காலை அறுத்தெடுத்தால், வளைவில் ரேகை குறுக்கே வெட்டுப்படும். அந்த இடத்தில் ஒரு கனத்த ஆள் சாய்ந்தால் படக்கென்று முறியும். பழைய தச்சர்கள் இதற்கு இயற்கையாகவே வளைந்த கிளை மரத்தைத் தேடி எடுப்பார்கள். இடித்த வீட்டில் அப்படிப்பட்ட கட்டை கிடைப்பது அரிது. கிடைக்காவிட்டால் அந்த ஆசையைப் புது மரத்தில் தீர்த்துக்கொள்வதே நல்லது.

சித்திர வேலைக்கும் இதே நிலைதான். பூவும் யாளியும் செதுக்க வேண்டுமானால் ஆணித் துளையில்லாத மரம் வேண்டும். உளி போகும் வழியில் ஒரு துளை வந்தால் யாளியின் கண் போய்விடும். துளையை மக்கு வைத்து அடைத்துச் செதுக்கியதை அருகில் போய்ப் பார்த்தால் தெரியும், வருத்தமாக இருக்கும்.

அந்த முழுப் பலகை மேசைப் படத்தைப் பார்த்ததும் ஜார்ஜ் நகஷிமாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜப்பானியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் 1905இல் பிறந்த கட்டடக் கலைஞர். 1930களின் பிற்பகுதியில் அவர் பாண்டிச்சேரியில் இருந்தார். அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைக் கட்டும் வேலைக்கு அதை வடிவமைத்த அந்தோனின் ரேமண்ட் அவரை அனுப்பியிருந்தார். வந்தவர் ஆசிரமவாசியாகவே ஆகிவிட்டார். அரவிந்தர் அவருக்குச் சுந்தரானந்தா என்று பெயரிட்டார். அந்த விடுதிக்குத் தேக்கில் அவர் வடிவமைத்த எளிய கட்டில், நாற்காலிகளில்தான் பின்னாளைய நகஷிமாவின் தொடக்கம் இருக்கிறது. அமெரிக்கா திரும்பியவரை, போர்க்காலத்தில் மேற்குக் கடற்கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினரோடு சேர்த்து 1942இல் முகாமில் அடைத்தார்கள். இடாஹோ மாநிலத்து மினிடோக்கா முகாம் அது. அங்கே கென்டாரோ ஹிகோகாவா என்ற மரபுத் தச்சரிடம், கட்டட வேலையில் மிஞ்சிய துண்டு மரங்களை வைத்துக்கொண்டு ஜப்பானிய இணைப்பு முறைகளைக் கற்றார்.

பிற்பாடு பென்சில்வேனியாவில் பட்டறை போட்ட நகஷிமா, மரத்தின் வெடிப்பை மறைக்கவில்லை. வெடிப்பின் குறுக்கே பட்டாம்பூச்சி வடிவத்தில் ஒரு கட்டையைப் பதித்து, அது மேலும் ஓடாமல் நிறுத்தி, அப்படியே எல்லோரும் பார்க்கும்படி விட்டார். பழைய மரத்தோடு வேலை செய்கிறவர்கள் அவரிடம் கற்க வேண்டியது இதுதான் என்று நான் நினைக்கிறேன். வெடிப்பை நிறுத்து, மூடி மறைக்காதே. ஆனால் அவர் பாணி மேசைக்கு ஒரே அகன்ற முழுப் பலகை வேண்டும். வீடு இடித்ததில் அது கிடைப்பது பெரிய விட்டத்தில் மட்டும்தான். கைமரத் துண்டுகளை வரிசையாக ஒட்டி, ஓரத்தை மட்டும் கோணல்மாணலாகச் சீவி அந்தத் தோற்றத்தை வரவழைப்பது பொய்.

கைமரத்துக்கு மிகவும் பொருத்தமான பாணி சண்டிகர் நாற்காலி. 1950களில் சண்டிகர் நகரம் எழுந்தபோது அதைத் திட்டமிட்ட லெ கொர்பூசியேயின் ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜானரெ அங்கே தங்கி அரசு அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் நாற்காலி, மேசை வடிவமைப்பதை முன்னின்று நடத்தினார். தேக்குச் சட்டம், பிரம்பு இருக்கை, தலைகீழ் ‘வி’ வடிவில் கால்கள். எல்லாம் குட்டையான, நேரான துண்டுகள். ஊர்த் தச்சர் கையாலேயே செய்யக்கூடியவை. ஒவ்வொரு துண்டும் இரண்டடி, மூன்றடிதான் என்பதால் ஆணித் துளையைத் தவிர்த்து வெட்டிக்கொள்ள இடம் கிடைக்கும். அந்த நாற்காலிகள் பழசாகிப்போனபோது அலுவலக மாடிகளில் குப்பையாகக் குவிந்து, கழிவு விலைக்கு ஏலம் போயின. வெளிநாட்டு ஏலக்கூடங்களில் பெரிய தொகைக்கு விற்ற பிறகுதான் விழித்துக்கொண்டு, 2011இல் மத்திய உள்துறை அமைச்சகம் அவற்றை விற்கவும் வெளியே அனுப்பவும் தடை போட்டது. உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலோ நூலகத்திலோ கால் ஆடுகிறது என்று மூலையில் தள்ளிய தேக்கு நாற்காலிகளை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பல நேரம் மூட்டு தளர்ந்திருக்குமே தவிர மரத்தில் ஒரு குறையும் இருக்காது.

ஜாவாவில் ஜெபாரா என்று ஒரு ஊர் இருக்கிறது, தலைமுறை தலைமுறையாக மரச்சிற்பத்துக்குப் பேர் போனது. ஜாவாவின் பழைய ஜொக்லோ வீடுகளைப் பிரித்தெடுத்த தேக்கில் தடித்த மேசைகளும் பெஞ்சுகளும் அங்கே செய்து உலகெங்கும் அனுப்புகிறார்கள். தேய்ந்த முகத்தை அப்படியே மேலே விட்டுச் செய்வது அவர்கள் வழக்கம். விட்டம் கிடைத்தால் நாமும் அந்தப் பாணியில் கனமான சாப்பாட்டு மேசை செய்யலாம். இவளுக்கு நான் சொன்ன யோசனை அதுதான்: மேசைக்கு ஒரு விட்டம், அதைச் சுற்றிப் போடும் நாற்காலிகளுக்குக் கைமரம், சாய்வு நாற்காலிக்கு மட்டும் வயதான மரத்தில் வெட்டிய புதுத் தேக்கு.

மூட்டு விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. தேவகோட்டைப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் வயதான ஆசாரி ஒருவர் கழுந்து போடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். காலில் துளை எடுத்து, குறுக்குச் சட்டத்தின் முனையைக் கழுந்தாகச் செதுக்கிச் செருகினார். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் மர ஆணிக்குத் துளை போடும்போது ஒரு நுணுக்கம் செய்தார். காலில் போட்ட துளைக்கு நேராகக் கழுந்தில் போடாமல், அரை நூல் தோள் பக்கமாக, அதாவது கழுந்து தொடங்கும் பக்கமாகத் தள்ளிப் போட்டார். முனை கூராக்கிய மூங்கில் ஆணியைக் கொட்டாப்புளியால் அடித்தபோது, கோணலான இரண்டு துளைக்கும் நடுவில் அது நெளிந்து புகுந்து, கழுந்தை உள்ளே இழுத்து இறுக்கியது. பசை இல்லை, இரும்பு இல்லை. “நாளைக்கு மரம் சுருங்கினாலும் ஆணி இழுத்துக்கிட்டே இருக்கும்மா” என்றார். இரும்புத் திருகாணி போட்ட மூட்டில் இந்தக் குணம் கிடையாது. மரம் சுருங்கினால் திருகாணியைச் சுற்றி இடைவெளி விழும், நாற்காலி ஆடும்.

பசை வேண்டிய இடத்தில் பழைய ஆசாரிமார் வஜ்ஜிரம் காய்ச்சி ஊற்றினார்கள். மாட்டுத் தோலிலிருந்து எடுப்பது. வெந்நீரும் சூடும் பட்டால் இளகும் என்பதுதான் அதன் பெரிய நன்மை. நூறு வருட நாற்காலியை மூட்டு மூட்டாகப் பிரித்து, சுத்தம் செய்து, திரும்பக் கோக்க முடிவது அதனால்தான். இப்போதைய வெள்ளைப் பசை பிடித்தால் பிடித்ததுதான். பிரிக்கப் போனால் மரம்தான் கிழியும்.

மேல்பூச்சுக்குப் பாலியூரித்தேன் அடிக்கலாமா என்று கேட்டாள். சாப்பாட்டு மேசைக்கு வேண்டுமானால் அடிக்கலாம், சாம்பார் கொட்டும் இடம் அது. நாற்காலிக்கும் பெட்டிக்கும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பொதியால் ஏற்றும் பழைய பாலிஷே போதும். கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். பழைய சாமானில் இருப்பது என்ன பூச்சு என்று அறிய, அடிப்பக்கம் ஒரு துளி ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு. அதைச் சுரண்டி எறிந்துவிடாமல், தூசியைத் துடைத்து மேலே இன்னொரு கை ஏற்றினாலே பொருள் உயிர் பெற்றுவிடும். சுரண்டி, உப்புத்தாள் போட்டு, பளபளவென்று ஆக்கிய பழைய பெட்டகங்களைக் கடைகளில் பார்க்கிறேன். அவற்றின் முகத்திலிருந்த நூறு வருட நிறம் குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கும்.

தச்சரிடம் முன்கூட்டியே மூன்றைப் பேசிக்கொள்ளச் சொன்னேன். மேசைப் பலகை சட்டத்தின் மேல் நகர இடம் விட்டுத்தான் பொருத்த வேண்டும். வெள்ளை இருந்தால் எத்தனை அழகான பலகையானாலும் வெட்டிவிட வேண்டும். கழிந்த துண்டுகளை வீட்டுக்காரரிடமே கொடுத்துவிட வேண்டும். அஞ்சறைப்பெட்டிக்கும் மனைக்கும் அது போதும்.

மேசையில் இழுப்பறை வைக்கப்போகிறாள். ஐப்பசி அடைமழையில் அது இறுகிக்கொள்ளும், இழுத்தால் வராது. அன்றைக்கே ஆசாரியைக் கூப்பிட்டு இழைப்புளி போட வைத்தால் பங்குனியில் தொளதொளவென்று ஆடும். ஓடும் விளிம்பில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டுத் தை வரை பொறுக்க வேண்டும். அதற்குப் பிறகும் உரசினால், உரசும் இடம் லேசாகப் பளபளத்துக் காட்டும். அந்த இடத்தில் மட்டும் ஒரு சீவு போதும்.